யூரியாவைக் குறையுங்கள் அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் கால்வலி இப்போது தேவலையா? ஞாயிறன்று சிங்கப்பூர்த் தேக்கா கடைத்தெருவுக்குப் போய்ப் பணம் அனுப்பிவிட்டேன். ரூமில் முறை வைத்துச் சமைக்கிறோம், சாப்பாட்டுக்குக் குறையில்லை.

நர்சரியில் என்னை டேலிலி என்ற பூச்செடித் தொட்டிகளுக்கு மாற்றியிருக்கிறார்கள். புல் போல நீள இலை, நடுவில் தண்டு எழும்பி அதன் நுனியில் மொட்டுகள். ஒரு பூ ஒரு நாள்தான் நிற்கும். அதனால் தண்டில் எத்தனை மொட்டு என்பதில்தான் செடியின் மதிப்பே இருக்கிறது. குளிர்நாட்டு ரகங்கள் இந்த வெக்கையில் சரியாகப் பூப்பதில்லை. வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும் ரகங்களைத்தான் வளர்க்கிறோம்.

இங்கே வருஷத்துக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை. ஆனாலும் கூரைக்குக் கீழே இருக்கும் தொட்டிக்கு நாம்தான் தண்ணீர் விட வேண்டும். வேர் கிழங்கு மாதிரி தடித்து நீரைச் சேர்த்து வைப்பதால், கொஞ்ச நாள் காய்ந்தாலும் செடி சாகாது. தண்டு எழும்பும் சமயத்தில் காயவிட்டால் மட்டும் மொட்டு உதிர்கிறது, மிஞ்சிய பூவும் சிறுத்துவிடுகிறது. தரையில் வைத்த செடிக்கு வாரம் ஓர் அங்குலத் தண்ணீர் என்று கணக்கு. தொட்டிக்கு அது சரிப்படாது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் அடித்துளையில் வழியும்வரை ஊற்றுவேன். தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிட வேண்டும். டெங்குக் கொசு வந்தால் அபராதம்!

உரம்தான் முக்கியமான விஷயம் அப்பா. ஒரு வரிசைக்கு, யூரியாவில் இருக்கும் அதே தழைச்சத்து (நைட்ரஜன்) தூக்கலாகப் போயிருந்தது. இலை கறுகறுவென்று செழித்துச் சாய்ந்து கிடந்தது, தண்டைத் தேட வேண்டியிருந்தது. கூட வேலை செய்யும் சீன அங்கிள் ஒரு கொத்தை விலக்கிக் காட்டினார். அடிக்குருத்து குழைந்து, தொட்டதும் கையோடு வந்தது, ஒரே நாற்றம். சூடும் ஈரமும் தழைச்சத்தும் ஒன்றாகச் சேர்ந்தால் இப்படி அழுகும் என்றார். பக்கத்து வரிசைக்கு மெதுவாகக் கரையும் குருணை உரம் கொஞ்சமாகப் போட்டிருந்தோம். இலை சுமார்தான், ஆனால் கொத்துக்குக் கொத்து தண்டு.

அதைப் பார்த்ததும் நம் மல்லிகைத் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது. வேளாண் பல்கலைக்கழகம் செடிக்கு வருஷத்துக்கு 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 120 கிராம் சாம்பல்சத்து (பொட்டாஷ்) என்கிறது. தழைச்சத்து மற்றவற்றில் பாதிதான், பாருங்கள். யூரியாவில் பாதிக்கும் குறைவாகத்தான் தழைச்சத்து என்பதால், யூரியாவாக வைத்தால் 130 கிராம் போதும், அதையும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்த பிறகு பாதி, ஜூன், ஜூலையில் பாதி என்று பிரித்து வைக்க வேண்டும். நீங்கள் கைநிறைய அள்ளி வைப்பது ரொம்ப அதிகம். செடிக்குப் பத்து கிலோ தொழு உரம் கட்டாயம் போடுங்கள்.

எல்லாச் செடிக்கும் மாற்ற மனசு வராது, தெரியும். கிணற்றோரம் இரண்டு வரிசைக்கு மட்டும் செய்து பாருங்கள். அந்தப் பூவைத் தனியாக எடை போட்டு, தம்பியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்