பத்மினியை ஸ்டார்ட் செய்து கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள பாய், பேட்டரி கடை அண்ணன், செட்டிபாளையம் தம்பி, என் அக்கா மகள், எதிர்வீட்டு அக்கா, அப்புறம் ஏழு வாரமாக வண்டியைத் தள்ளிவிட்ட எங்கள் வீதிக்காரர்கள் எல்லோருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு அப்பாவின் பிரீமியர் பத்மினி ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது. உங்களில் யாருமே பக்கத்தில் இல்லை. போனில் சொன்னபோது ஆளாளுக்கு "இதுக்கெல்லாம் எதுக்குங்க நன்றி" என்று வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

வண்டி 1985 மாடல். 1089 சிசி எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து அதற்கு ஊட்ட ஒற்றைத் தொண்டை சோலெக்ஸ் கார்பரேட்டர். அப்பா ஓட்டியவரை அவருக்கு அது போதுமாக இருந்தது, எனக்குத்தான் போதவில்லை. போன வருடம் எஞ்சினை இறக்கி, கழுவி, பளபளவென்று பெயின்ட் அடித்து, லேத்தில் அடாப்டர் தகடு கடைந்து இரட்டைத் தொண்டை வெபர் கார்பரேட்டர் மாட்டினேன். எஞ்சினோடு சேர்ந்து ஓடும் பழைய பெட்ரோல் பம்பைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையைத் தகடு போட்டு மூடி, எலெக்ட்ரிக் பம்ப் வைத்தேன். வேலை பார்த்த பட்டறையைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டியின் மேல் 'ஹை ஃப்ளோ' என்று போட்டிருந்ததைப் பார்த்து அந்தப் பம்பை வாங்கி வந்து கொடுத்தவனே நான்தான்.

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பானெட்டைத் திறந்தால் பெட்ரோல் பங்க் வாசம். பிளக்குகள் நான்கும் கறுத்து, நனைந்து கிடந்தன. துடைத்து மாட்டினேன், மறுபடி நனைந்தன. அப்பா செய்த மாதிரி ஆக்சிலேட்டரை நாலு மிதி மிதித்துவிட்டுச் செல்ஃப் அடித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் கார்பரேட்டரில் இருக்கும் குட்டிப் பம்ப் ஒரு பீச்சு பெட்ரோலை உள்ளே விடும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஏற்கெனவே மூழ்கியவனுக்கு நான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு செட் பிளக், பிளக்கில் பொறி வர கரண்டை ஏற்றிக் கொடுக்கும் காயில் ஒன்று, ஒரு செட் வயர் என்று எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. எதையும் சோதித்துப் பார்த்து மாற்றவில்லை. யாராவது ஏதாவது சொன்னால் உடனே மாற்றினேன், அவ்வளவுதான்.

பாய், நீங்கள் உக்கடத்திலிருந்து வந்த அன்று முதலில் சாவியைப் பிடுங்கி உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டீர்கள். கார்பரேட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆயில் குச்சியை உருவி மூக்கில் வைத்துவிட்டு என்னிடம் நீட்டினீர்கள். அளவு மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல் உயரம் ஏறியிருந்தது.

"ஆயில் குறையும், தம்பி. ஏறுமா?"

சிலிண்டரில் வழிந்த பெட்ரோல் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக இறங்கி ஆயில் சேம்பர் வரை போயிருக்கிறது. அந்த நீர்த்த ஆயிலோடு வண்டி பிடித்து ஓடியிருந்தால் பேரிங் போயிருக்கும். ஸ்டார்ட் ஆகாததே நல்லது என்று நீங்கள் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றும்வரை சாவியைத் தரவில்லை. நாற்பது வருட எஞ்சின் பிழைத்தது அந்தப் பிடிவாதத்தால்தான். கூலி கேட்டதற்கு டீ வாங்கித் தரச் சொன்னீர்கள். அந்தக் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

ஆட்டோமொபைல் படிக்கும் அக்கா மகளுக்கு அடுத்த நன்றி. "மாமா, செல்ஃப் அடிக்காதீங்க, சாவியை மட்டும் ஆன் பண்ணுங்க" என்றாள். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஒரு டார்ச்சை கார்பரேட்டரின் தொண்டைக்குள் காட்டினாள். எஞ்சின் அசையவே இல்லை. பம்ப் மட்டும் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே நாசில் முனையிலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வழிந்தது. ஓடாத எஞ்சினில் அங்கே ஒரு சொட்டுகூட வரக் கூடாது. மூன்று வாரமாக நான் பார்க்காததை அவள் மூன்று நிமிடத்தில் காட்டினாள். ஒரு கிலோ பெட்ரோல் எரிய கிட்டத்தட்ட 14.7 கிலோ காற்று வேண்டும் என்று பாடமும் நடத்தினாள். என் எஞ்சினுக்குள் காற்றுக்கு இடமே இருந்திருக்காது.

வழிகிறது என்றால், கார்பரேட்டருக்குள் பெட்ரோலில் மிதக்கும் ஃப்ளோட் ஓட்டையாக இருக்கலாம் என்று பாய் சந்தேகப்பட்டார். பித்தளை ஃப்ளோட்டைக் கழற்றிச் சுடுதண்ணீரில் அமுக்கினால், ஊசித் துளை இருந்தாலும் குமிழி வரும். அதற்குத்தான் எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு போசி சுடுதண்ணீர் கேட்டேன். காபிக்கு என்று நினைத்துக் கொடுத்தார். குமிழி வரவில்லை. ஆனால் ஃப்ளோட் மேலே ஏறியதும் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடில் உட்காரும் இடத்தில் கறுப்பாக ரப்பர் துகள்கள் ஒட்டியிருந்தன. பம்புக்கும் கார்பரேட்டருக்கும் நடுவே அதே பழைய ஹோஸ்தான் இருந்தது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது, ஊறி உள்ளுக்குள்ளேயே உதிரும். எத்தனால் தாங்கும் ஹோஸ் மாற்றி, நடுவில் ஒரு ஃபில்டரும் போட்டோம். சொட்டுவது குறைந்தது, நிற்கவில்லை.

அதை நிறுத்தியது செட்டிபாளையம் தம்பி. கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் வண்டிகளுக்கு வேலை பார்க்கிற பையன், சனிக்கிழமை வேலை முடிந்து க்ரீஸ் கையோடு பிரஷர் கேஜ் எடுத்து வந்தான். லைனில் மாட்டினால் பெட்ரோலின் அழுத்தம் 7 பி.எஸ்.ஐ. காட்டியது. இந்த வகைக் கார்பரேட்டருக்கு மூன்று, மூன்றரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் ஃப்ளோட் எவ்வளவு தூக்கினாலும் நீடிலைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் உள்ளே வரும். "கார்பரேட்டர் நல்லாத்தாண்ணா இருக்கு, நீங்கதான் மூச்சு முட்ட ஊட்டறீங்க" என்றான். ரெகுலேட்டர் வைத்து 3-க்கு இறக்கினோம். டார்ச் அடித்துப் பார்த்தோம். சொட்டு இல்லை.

அப்புறமும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அன்றைக்கு ராத்திரி விற்றுவிடலாம் என்றே முடிவு செய்தேன்.

பேட்டரி கடை அண்ணன் மறுநாள் மீட்டரோடு வந்தார். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 1.8 காட்டியது. எஞ்சினிலிருந்து கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, அதாவது எர்த், சரியாக இல்லை. என் பளபளப் பெயின்ட்டின் மேலேயே எர்த் பட்டையை முறுக்கியிருந்தார்கள். செல்ஃப் சுற்றும், ஆனால் அந்த நேரம் காயிலுக்குக் கரண்ட் பற்றாது. காய்ந்த பிளக் என்றால் அந்தப் பலவீனமான பொறியிலும் பிடித்துவிடும், நனைந்த பிளக்கில் பிடிக்காது. இரண்டு கோளாறும் ஒன்றன் பின்னால் ஒன்று ஒளிந்து விளையாடியிருக்கின்றன. அண்ணன் உப்புத்தாளால் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரிய வைத்து மாட்டினார். மஞ்சளாக இருந்த பொறி நீலமாக, சத்தத்தோடு அடித்தது.

அன்று அவர் சிலிண்டரைக் காயவைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். முதலில் காயில் வயரைக் கழற்றிவிட்டார், ஏனென்றால் பிளக் ஓட்டை வழியே பெட்ரோல் பீய்ச்சும்போது ஒரு பொறி போதும், வண்டியோடு வீடும் போகும். நாலு பிளக்கையும் எடுத்துவிட்டு, பம்பை நிறுத்தி, ஐந்தைந்து விநாடியாகச் சுற்றவிட்டார். அரை மணி நேரம் திறந்தே விட்டு, காய்ந்த பிளக்கைப் போட்டு, சோக் இழுக்காமல், ஆக்சிலேட்டரை முழுசாக ஒரே மிதியில் பிடித்தபடி செல்ஃப் அடிக்கச் சொன்னார். நாலாவது சுற்றில் கருப்புப் புகை கக்கிக்கொண்டு பிடித்தது. நான் அழவில்லை, புகைதான் கண்ணில் பட்டது.

ஆயில் பிரஷர் சுவிட்சோடு, பம்புக்குப் போகும் கரண்டைத் தானாகத் துண்டிக்கும் ஒரு ரிலேயும் அவரே சேர்த்துக் கொடுத்தார். எஞ்சின் நின்றால் இப்போது பம்பும் நின்றுவிடும். பழைய பம்ப் இந்த வேலையை ஒரு வயரும் இல்லாமல் தானாகவே செய்துகொண்டிருந்தது என்பதைச் சிரிக்காமல் சொன்னார். அந்தப் பெருந்தன்மைக்குத் தனியாக ஒரு நன்றி.

வீதிக்காரர்களே, உங்கள் தோளுக்கு இனி வேலை இல்லை. யாருக்காவது கல்யாண ஊர்வலத்துக்கு வண்டி வேண்டுமென்றால் முதல் நாள் சொல்லுங்கள், போதும்.

எதிர்வீட்டு அக்கா, உங்கள் போசியை மூன்று முறை புளி போட்டுத் தேய்த்தோம், பெட்ரோல் வாசம் போகவில்லை. பாய் அதை பிளக் கழுவ எடுத்துக்கொண்டார். அதே அளவில் புதிது வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் பத்மினியில் கொண்டுவந்து தருகிறேன். எதிர்வீடுதான், இருந்தாலும் ஒரு சுற்று சுற்றி வருகிறேன்.

இப்படிக்கு,
நீலப் பத்மினிக்காரன்,
கோவை