சென்னைக்கு ஈடாக ஒரு கோட்டை

அன்புள்ள மங்கை,

நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. பேரன் பீரங்கி மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்படியே உன் அப்பா முகம். பின்னால் மூடுபனியில் பாதி மறைந்து நிற்பது லூயிஸ்பர்க் கோட்டை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. மகள் வீட்டுக்குக் கனடா போன இடத்தில், நம் சென்னையைத் திரும்பப் பெற ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஈடாகக் கொடுத்த ஊரையே பார்த்துவிட்டு வந்திருக்கிறாய்!

"மாற்றிக்கொள்ளாமல் விட்டிருந்தால் நாம் இன்றைக்குப் பிரெஞ்சு பேசிக்கொண்டிருப்போமா?" என்று கேட்டிருக்கிறாய். விடுதி மொட்டைமாடியில் இப்படித்தான் எதையாவது கேட்டுவிட்டு நீ தூங்கிப்போவாய், நான் விடிய விடிய விழித்திருப்பேன். இந்த முறையும் நாலு நாள் அதே நினைப்புதான். பேரனுக்கும் சொல்ல வேண்டும் என்கிறாய், அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே கப்பல்களோடு வந்து சென்னையைப் பிடித்தார். காவலுக்கு இருந்திருக்க வேண்டிய ஆங்கிலேயக் கப்பல்கள் வங்காளத்துப் பக்கம் போயிருந்தன. 11 லட்சம் வராகன் வாங்கிக்கொண்டு ஊரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளே ஒத்துக்கொள்ளவில்லை. இருவரும் இழுபறியில் இருந்தபோதே அக்டோபர் புயல் வந்து லா பூர்தொனேயின் கப்பல்களைச் சிதறடித்தது. அவர் கிளம்பிப் போய்விட்டார், சென்னை டியூப்ளே கைக்கு வந்தது. இத்தனையையும் டியூப்ளேயின் பக்கத்திலிருந்து தமிழில் எழுதி வைத்தாரே ஆனந்தரங்கப் பிள்ளை, அவர் பிறந்தது நம் பெரம்பூரில். பிறந்த ஊர் கைமாறுவதை அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிற மனசு எப்படி இருந்திருக்கும்!

அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1745இல், அமெரிக்காவில் இருந்த ஆங்கிலேயக் குடியேறிகள் லூயிஸ்பர்க்கைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்திருந்தார்கள். 1748 அக்டோபரில், ஐரோப்பாவில் போரை முடித்துவைத்த எக்ஸ்-லா-சபேல் உடன்படிக்கை. லூயிஸ்பர்க் பிரான்சுக்கு, சென்னை இங்கிலாந்துக்கு. உயிரைக் கொடுத்துப் பிடித்த ஊரை எங்கேயோ இருக்கும் மதராசுக்காக விட்டுக் கொடுத்துவிட்டார்களே என்று அந்தக் குடியேறிகளுக்கு ஆத்திரம். நீ இப்போது இருக்கிற ஹாலிஃபாக்ஸை ஆங்கிலேயர்கள் மறு வருஷம் கட்டியதே லூயிஸ்பர்க்குக்கு எதிராகத்தான்.

சரி, உன் கேள்வி. பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்றுதான் எனக்குப் படுகிறது. கடல் யார் கையிலோ துறைமுகமும் அவர்கள் கையில்தான். அடுத்த போரில் பிரெஞ்சுக் கப்பல்கள் இந்தக் கரையை விட்டுப் போன பிறகு, 1761 ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது. ஆங்கிலேயர்கள் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்திருந்தால் அதற்கும் அதே கதிதான். பன்னிரண்டு வருஷம் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான்.

என் மனசை அரிப்பது வேறு. போன செவ்வாய்க்கிழமை காலை நடையில் பட்டினப்பாக்கம் தாண்டி அடையாற்று முகத்துவாரம் வரை போனேன். தண்ணீர் வற்றி, மணல்திட்டு வெளியே தெரிந்தது. தோளில் வலையோடு ஒருவர் அக்கரையிலிருந்து நடந்தே வந்தார், முழங்காலுக்கு மேல் நனையவில்லை. 1746இல் பாரடி என்ற அதிகாரி புதுச்சேரியிலிருந்து கூட்டி வந்த படையும் இதே ஆற்றில்தான் இறங்கி வந்தது. ஆயிரம் பேர் சொச்சம் இருப்பார்கள். பெரும்பாலும் இங்கேயே சேர்த்துப் பயிற்சி கொடுத்த சிப்பாய்கள். இந்தக் கரையில் அவர்களைத் தடுக்க நின்றவர் ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கான், கிட்டத்தட்ட 10,000 பேரோடு. சிப்பாய்கள் ஆற்றைக் கடந்து, வரிசை குலையாமல் சுட்டுக்கொண்டே வந்தார்கள். நவாபின் படை மயிலாப்பூர்ப் பக்கமாகச் சிதறி ஓடியது.

அந்த ஒரு நாளில், பழக்கிய ஒரு சின்னப் படை எந்த நவாபையும் சாய்த்துவிடும் என்று ஆங்கிலேய, பிரெஞ்சு வியாபாரக் கம்பெனிகள் இரண்டுக்கும் புரிந்துபோயிற்று. உடன்படிக்கையால் கோட்டையைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. இந்தப் பாடத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது? அங்கே சமாதானம் என்றதும் இங்கே இரண்டு பக்கமும் படைகள் வேலையில்லாமல் நின்றன. உடனே வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். தேவிக்கோட்டை கிடைக்கும் என்று ஆங்கிலேயர்கள் தஞ்சாவூர் வாரிசுச் சண்டையில் நுழைந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள், ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்போடு சேர்ந்து, 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நவாப் அன்வாருதீனைச் சாய்த்தார்கள். ஏறக்குறைய அதே நாட்களில்தான் சென்னைக் கோட்டையில் கொடி மாறியது. சமாதானம் வந்து சேர்ந்தபோது நம் ஊரில் பெரிய சண்டை தொடங்கிவிட்டது, மங்கை! அப்புறம் திருச்சி, ஆற்காடு, காவிரிக்கரை ஊர்கள் என்று ஐந்து வருஷம். யார் வயலில் யார் குதிரை மேய்ந்ததோ!

அதனால் நான் கேட்கிற கேள்வி இது: இந்த நாட்டு அரசர்களின் சண்டையில் கம்பெனிகள் தலையிடக் கூடாது என்று 1748லேயே ஒரு வரி எழுதியிருந்தால்? நடக்காத காரியம் என்று சொல்லிவிடாதே. பிரான்ஸ் டியூப்ளேயைத் திருப்பி அழைத்துக்கொண்டு, அவர் இடத்துக்கு அனுப்பிய கோதெயூ வந்து ஆங்கிலேயர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அதையேதான் எழுதினார்கள். அது 1754 முடிகிற நேரம். ஆறு வருஷம் பிந்திவிட்டது. அதற்குள் அன்வாருதீனின் மகன் முகமது அலி ஆங்கிலேயர்கள் நிழலுக்குப் போய்விட்டார், கணக்கெழுத வந்த கிளைவ் ஆற்காட்டில் பெயர் வாங்கிவிட்டார். அந்த வரி முதலிலேயே இருந்திருந்தால், இரண்டு கம்பெனிகளும் இன்னும் கொஞ்ச காலம் துணிமூட்டை ஏற்றும் வியாபாரிகளாகவே இருந்திருக்கும். எத்தனை காலம்? ஒரு தலைமுறையாவது கிடைத்திருக்கும் என்பது என் நம்பிக்கை. அந்த அவகாசத்தில் தஞ்சாவூரோ மைசூரோ தன் படையைத் தானே பழக்கியிருக்கும். மைசூரில் ஹைதர் அதைச் செய்துகாட்டவும் செய்தார்.

இன்னொன்று. சென்னையைக் கையில் வைத்திருந்த காலத்தில், கோட்டை வடசுவரை ஒட்டி, நம்மவர்கள் குடியிருந்த கறுப்பர் நகரத்து வீடுகளைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். நெசவு வியாபாரமும் கோயிலும் கடையுமாக இருந்த தெருக்கள். கோட்டை திரும்பி வந்தது, அந்த வீடுகள் திரும்பவில்லை. அந்தத் தெருக்கள் இருந்த உயர் நீதிமன்றத்துப் பக்கம் பேருந்தில் போகும்போதெல்லாம் அந்த நினைப்பு வந்துவிடுகிறது.

லூயிஸ்பர்க்கில் மட்டும் பழைய ஊரின் ஒரு பகுதியைக் கனடா அரசு 1960களில் தொடங்கி, தெருத் தெருவாக மறுபடி கட்டி எழுப்பியிருக்கிறது. அங்கே சமையல்கட்டு எப்படி இருந்தது, கருவாடு காயப்போட்ட இடத்தைக் காட்டினார்களா என்று விவரமாக எழுது. அந்த ஊர் பிழைத்ததே காட் மீன் கருவாட்டில்தானே.

மாசியில் வருகிறாய் அல்லவா? பேரனையும் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் முகத்துவாரத்துக்குப் போகலாம். தண்ணீர் குறைவாக இருந்தால் ஆற்றில் இறங்கி நடந்து பார்க்கட்டும்.

அன்புடன்,
கோமதி
மந்தைவெளி