எமர்ஜென்சி போர்டைக் கழற்றிவிட்டார்கள்

அன்புத் தோழிக்கு,

ஆறு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்ட வேண்டியதுதான், ஆனால் இதைப் படித்து முடித்துவிட்டுத் திட்டு. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். அண்ணன் அதே சத்தம்தான்.

நாம் டிரெய்னிங் எடுத்த மருத்துவமனையைப் பெரிய மருத்துவமனையோடு இணைக்கிறார்கள், தெரியுமா? எமர்ஜென்சி முதலில் போய்விட்டது. நைட் டியூட்டியில் நீ நின்றுகொண்டே தூங்கி ஹெட் சிஸ்டரிடம் மாட்டினாயே, அந்த வராந்தாவுக்கே பூட்டுப் போட்டாயிற்று.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மாவுக்காகக் காத்திருந்தேன். ஒரு பையன் காரில் தன் அப்பாவைக் கொண்டுவந்து அந்தப் பழைய கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். அப்பாவுக்கு வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறி, வலது கை தொங்கிப்போயிருந்தது, பக்கவாதம்தான். கதவில் ஒட்டிய தாளை அந்தப் பதற்றத்தில் யார் படிப்பார்கள்? நான் ஓடிப்போய் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு அனுப்பினேன். அதற்குள் அரை மணி நேரம் போயே போய்விட்டது. மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் சாகும் என்று நாம் படித்ததுதானே. அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு வழக்கமாக நாலரை மணி நேரம்தான் கெடு, அதற்குமுன் சிடி ஸ்கேன் வேறு.

நம்ம மருத்துவமனையிலிருந்து எந்தப் பிரிவையும் எடுக்கக் கூடாது என்றுதான் நானும் முதலில் சண்டை போட்டேன். அப்புறம் தேடிப் படித்தேன். லண்டனில் 2010-இல் சுமார் 30 மருத்துவமனைகள் பார்த்துவந்த பக்கவாதத்தின் முதல் கட்டச் சிகிச்சையை 8 மையங்களுக்குக் கொண்டுபோனார்கள், பக்கவாதம் என்று சந்தேகப்பட்ட எல்லோரையும் ஆம்புலன்ஸ் நேரே அங்கேதான் கொண்டுபோனது, சாவு குறைந்தது. அதே வருஷம் மான்செஸ்டரில் அறிகுறி ஆரம்பித்து நாலு மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு மட்டும் அப்படிப்பட்ட மையம் என்று வைத்தார்கள், மற்ற ஊர்களைவிட அங்கே சாவு குறைந்ததாகத் தெரியவில்லை. 2015-இல் அந்த வரம்பைத் தளர்த்திய பிறகுதான், மையத்தில் சேர்ந்தவர்களிடம் சாவு குறைந்தது. ஆக, இடம் மாற்றுவதே தப்பு என்று இனி நான் சொல்ல மாட்டேன். யாரை எங்கே கொண்டுபோவது என்பதை ஜனங்களுக்குப் புரியவைக்காமல், கூடுதல் ஆம்புலன்ஸ் விடாமல், முதல் வேலையாகக் கதவைப் பூட்டுகிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்னொன்று. அவசர அறுவை சிகிச்சை போனால் ராத்திரி மயக்க மருந்து டாக்டர் எதற்கு என்பார்கள். அவர் இல்லாமல் நடுராத்திரியில் சிசேரியன் எப்படிச் செய்வது? உடனே பிரசவ வார்டு பாதுகாப்பில்லை என்று அதையும் தூக்குவார்கள். நம்ம வார்டு அக்கா இதைச் சொல்லி அழுதேவிட்டார், அவர் அழுது நீ பார்த்திருக்கிறாயா?

டயாலிசிஸையும் மாற்றப்போவதாகப் பேச்சு. திடீரென்று விழுந்தவரை ஒரு தடவை தூரமாகக் கொண்டுபோகலாம் சரி, வாரம் மூன்று தடவை, சிகிச்சை முடிந்து நிற்கக்கூடத் தெம்பில்லாத அம்மாவை எப்படியடி கூட்டிக்கொண்டு அலைவேன்?

அடுத்த மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது, உனக்குக் கோபம் வந்தால்தான் பேச்சே வரும். லீவு போட்டு வா. முடியாவிட்டால் நீ வேலை பார்க்கும் இடத்தில் இணைப்பு நடந்தபோது நோயாளிகளை ஏற்றி இறக்க என்ன ஏற்பாடு செய்தார்கள் என்றாவது விவரமாக எழுது.

அந்த அப்பா பிழைத்துக்கொண்டார். வலது கை இன்னும் அசையவில்லை என்று நேற்று அந்தப் பையன் போனில் சொன்னான்.

உன் தோழி