அந்தக் கிழிசல் அப்படியே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கராஜ் ராக், அதாவது மெருகேற்றாத கரகரப்பான ராக் இசை, வாசிக்கும் குழு ஒன்றைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நாலு பிள்ளைகளும் திடீரென்று புகழுக்கு வந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். முடிவில், கரகரப்பைக் குறைத்து நல்ல ஸ்டுடியோவில் பதிவு செய்தால் இன்னும் உயரலாம் என்று ஓர் அறிவுரையும் இருந்தது. அவர்களுடைய ஆம்ப்ளிஃபையர்களைப் பழுது பார்ப்பவன் நான். இரண்டையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஃபியூஸ் போயிருந்தது, ஐந்து நிமிட வேலை. ஆனால் ஸ்பீக்கரின் காகிதக் கோனில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். பாவம், காசு இருக்காது என்று நினைத்து, என்னிடம் கிடந்த நல்ல ஸ்பீக்கர் ஒன்றைச் சும்மாவே மாட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலை நான் கதவைத் திறக்கும்போதே கித்தார் வாசிக்கும் பையன் வாசலில் நிற்கிறான். “அண்ணா, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பழைய ஸ்பீக்கரையே திரும்பப் போட்டுக் கொடுத்துடுங்க” என்றான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பது வருடமாக இரைச்சலைப் போக்குவதுதான் என் தொழில். சரி, கேட்டுத்தான் பார்ப்போம் என்று பழையதை மாட்டி, அங்கேயே வாசிக்கச் சொன்னேன். ஒரே ஒரு தந்தியை அடித்தான். கிழிந்த ஓரங்கள் படபடத்து, சுருதியோடு சேர்ந்து ஒரு கரகரப்பு எழுந்தது. வெகுநேரம் அழுதுவிட்டுப் பேசுகிறவரின் தொண்டை அப்படித்தான் இருக்கும். புது ஸ்பீக்கரில் அது வரவே இல்லை.

டேவ் டேவிஸ் பற்றி அவன்தான் சொன்னான். இங்கிலாந்தின் கிங்க்ஸ் குழுவில் கித்தார் வாசித்தவர். 1964இல், 17 வயதில், தன்னுடைய சின்ன ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் கோனை பிளேடால் தானே கீறிவிட்டார். அந்தச் சத்தத்தோடு பதிவான பாட்டு அங்கே முதலிடத்துக்குப் போனது. அதைக் கேட்ட பிறகு என் பட்டறையில் நான் எதையும் அவசரப்பட்டுத் தூக்கிப் போடுவதில்லை.

திடீர்ப் புகழ் என்பதற்கு வருகிறேன். மூன்று வருடம் அந்த டிரம்ஸ் பெண்ணின் வீட்டுக் கார் ஷெட்டில்தான் பயிற்சி. முதல் கச்சேரிக்கு ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிப் போனவர்களில் நானும் ஒருவன். எதிரே பதினோரு பேர். அதிலும் நாலு பேர் அடுத்து மேடையேற வேண்டிய குழுவினர். முதல் பதிவுக்கு இரண்டே மைக். டிரம்ஸ் பாட்டையே அமுக்கியதால், அந்தப் பெண் டிரம்ஸை ஷெட்டின் வாசலுக்கு நகர்த்தி, விடியும்வரை பனியில் உட்கார்ந்து வாசித்தாள். அந்தப் பதிவுக்கான உறை அட்டைகளை அவர்களே வெட்டி, மடித்து, ஒட்டி, கச்சேரி முடிந்ததும் வாசலில் நின்று விற்றார்கள். இன்று அரங்கு நிரம்பி வெளியே ஆள் நிற்கிறது என்றால், அதெல்லாம் சேர்ந்துதான்.

ஸ்டுடியோ விஷயம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் ராக் குழுவில் இருந்தது இரண்டே பேர். பேர் வாங்கிய பிறகும் லண்டனில் ஒரு சின்ன ஸ்டுடியோவுக்குப் போய், எட்டே ஒலித்தடங்கள் கொண்ட பழைய பாணி டேப்பில், கம்ப்யூட்டரைத் தொடாமல் பதிவு செய்தார்கள். 2003இல் வெளியான அந்த இசைத்தட்டு கிராமி விருது வாங்கியது. வசதி இல்லாமல் இல்லை, அந்தச் சத்தம்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். இப்போது பெரிய கம்பெனிகள் தேடி வரும் நேரம். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது அவர்களை வழவழப்பாக்கிவிடுவார்களோ என்றுதான் பயப்படுகிறேன்.

கட்டுரையாளர் அடுத்த கச்சேரிக்கு வந்தால் மேடைக்கு இடப்பக்கம், அந்தப் பழைய ஆம்ப்ளிஃபையருக்கு எதிரில் நிற்கட்டும். அதே ஸ்பீக்கர்தான். கிழிசல் மேலும் நீளாமலிருக்க அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சொட்டுப் பசை வைத்திருக்கிறேன். நடுவில் தொடவில்லை.

இப்படிக்கு,
ஓர் ஆம்ப்ளிஃபையர் மெக்கானிக்