ஏழுமலைத் தாத்தாவைத் தேடித் தந்தவர்களுக்கு

இரண்டு ஆண்டுகளாக என் புலம்பலைக் கேட்டு வந்தவர்கள் நீங்கள் என்பதால், பழைய கதையை மீண்டும் விரிக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய அப்பாவின் தாத்தா, கடந்த வியாழக்கிழமை மாலை கிடைத்துவிட்டார்.

வந்தவாசிப் பக்கத்துக் கிராமங்களில் என்னோடு வெயிலில் அலைந்த பெரியப்பா மகன்களுக்கும், சிதைந்த கிராமப் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொன்ன முன்னாள் கணக்குப்பிள்ளை வீட்டாருக்கும், பழைய வட ஆர்க்காட்டு வரைபடத்தை அனுப்பிவைத்த நண்பருக்கும் என் வணக்கம். முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமற்போனவரை இங்கே குறிப்பிடப் போவதில்லை.

டர்பன் அக்காவைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஒப்பந்தக் கூலிகளாக 1860 முதல் 1911 வரை நேட்டாலில் இறங்கிய 1,52,184 பேரின் கப்பல் பட்டியல்களில், ஏழுமலை என்ற பெயரை ஆங்கில ‘இ’ எழுத்தின் கீழேயே நான் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா ஐந்தாம் தலைமுறைக்காரர்; தமிழ் படிக்கத் தெரியாது; எங்களுக்கு உறவும் இல்லை. 1902ஆம் ஆண்டுப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியதோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால், காதால் கேட்டு எழுதியதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லி, பதினொரு நாள் தம் மதிய உணவு வேளையில் காரில் உட்கார்ந்தபடி தொலைபேசியில் ஒவ்வொரு பெயராக அப்பாவுக்கு வாசித்துக் காட்டினார். இங்கே அது நாலரை மணி, அப்பா தேநீர் குடிக்கும் நேரம். வியாழனன்று அவர் “யெல்லமல்லே” என்று வாசித்ததும் அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “இன்னொரு தரம் சொல்லும்மா” என்றார். தந்தை பெயர் முனியன், தாணா (காவல் நிலைய எல்லை) வந்தவாசி, வலது முழங்கையில் தழும்பு. மாடு முட்டிய அந்தத் தழும்பின் கதையை என் கொள்ளுப்பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

குடும்பத்தை மறந்து அங்கேயே தங்கிவிட்டவர் என்றே அவரைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு. ஒப்பந்தம் முடிந்தும் மறு ஒப்பந்தத்துக்கு இணங்காமல் அங்கே தங்குவோர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்ற 1895ஆம் ஆண்டுச் சட்டத்தை அக்காதான் அப்பாவுக்கு விளக்கினார். மாதம் பத்து ஷில்லிங் கூலியில் தொடங்கியவருக்கு அது ஆறு மாத உழைப்பு. கட்ட வழியில்லாத பலர் மீண்டும் கரும்புத் தோட்டத்திற்கே தம்மை எழுதிக் கொடுத்தார்கள். அப்பா நெடுநேரம் பேசவில்லை. அன்றிலிருந்து அவரை ‘ஓடிப்போனவர்’ என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

பெயர் கிடைத்ததும் அக்கா வாசிப்பை நிறுத்தப் பார்த்தார். “கூடப் போனவங்க பேரையும் படிச்சிடும்மா” என்று அப்பா கேட்டுக்கொள்ள, உணவு வேளை முடிந்த பிறகும் அவர் அந்தப் பக்கத்தைக் கடைசி வரி வரை வாசித்தார். அவர்களில் ஏழு பேருக்கு வந்தவாசிதான் தாணா. அந்த ஏழு ஊர்களையும் கண்டுபிடித்து, அங்கே அவர்களைத் தேடும் வீடுகள் இன்னும் இருக்கின்றனவா என்று விசாரிக்க இந்த ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறேன்.