இலைப்படத்துக்குப் பதில்

தம்பலகாமம்
ஆவணி 2

அன்புள்ள மகளுக்கு,

நிலாவெளியில் நீ வைத்த ஒட்டு மாங்கன்றின் இலையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினதைத் தம்பி காட்டினான். கீழே ஒரு சொல்லும் இல்லை. சரி, இலைக்கே பதில் எழுதுகிறேன்.

ஓரம் மட்டும் கருகி நடு பச்சையாக நிற்கிறது. நோயென்றால் புள்ளி புள்ளியாக நடுவிலும் விழும். இது உப்பு. நிலாவெளிக் கிணற்றில் நல்ல தண்ணீர் மேலே மெல்லிசாகத்தான் நிற்கும், அடியில் உவர். மோட்டரை ஒரேயடியாக ஓடவிட்டால் உவர் ஏறிவிடும். காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் இறை. முதலில் நாக்கில் வைத்துப் பார்.

தினமும் ஒரு செம்பு தெளிக்கிற வேலை வேண்டாம். இந்த வறண்ட கச்சான் காற்றுக்குத் தண்ணீர் காய்ந்து, உப்பு மேல்மண்ணில் தங்கும். மூன்று நாளைக்கு ஒருதரம் இரண்டு வாளி, தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டப் பாத்தியில் ஊற்று. இலையில் படக்கூடாது. மேலே தேங்காய்ப் பொச்சுமட்டை பரப்பு; தண்டோடு முட்டாமல் ஒரு சாண் விடு, இல்லாவிட்டால் கறையான் ஏறும். யூரியா போட்டாயோ? மாரி மழைக்கு முதல் தொடாதே.

ஒட்டு மண்ணுக்கு மேலே அரை அடி நிற்பது படத்தின் மூலையில் தெரிகிறது. பலர் புதைத்துவிடுவார்கள், உனக்குக் கை சுத்தம். ஒட்டுக்குக் கீழே முளைக்கிறதைக் கிள்ளு, விட்டால் கறுத்தக்கொழும்பான் மா போய்க் காட்டுமாதான் மிஞ்சும். மூன்று வருசத்துக்குப் பூவையும் கிள்ளு. மனம் வராது, கிள்ளு.

ஆடிக்கூழுக்கும் நீ வரவில்லை. தண்ணீரை ருசி பார்த்து இறை.

இன்னும் மரம் வைக்கிறதென்றால் சப்போட்டா வை, உவரைத் தாங்கும். தேசி எலுமிச்சை தாங்காது. மூன்றடிக் குழியை இப்பவே வெட்டிக் காயவிடு. அடியில் பொச்சுமட்டையைக் குழிவு மேலே பார்க்க இரண்டு வரிசை அடுக்கு, ஈரம் பிடித்துவைக்கும். மேல்மண்ணும் மக்கின சாணமும் கலந்து மூடு. ஐப்பசி மழை இறங்கினபின் நடு.

தேசி என்றதும் ஒன்று. நம் வளவுத் தேசி பட்டுப்போனது உன் கவனக்குறைவால் என்று எல்லோருக்கும் முன்னால் பேசினேனே. இல்லை பிள்ளை. அடியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகினது. அந்தப் பக்கம் வாய்க்காலைத் திருப்பினவன் நான். அன்றைக்கே எனக்குத் தெரியும்.

மக்கின சாணம் இரண்டு மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் போட்டுவிடலாம். இறக்கி எடுக்க நீ நிற்பாயோ, மருமகன் நிற்பாரோ என்று மட்டும் சொல்லு.

அப்பா