மென்பொருள் பட்டியலை வைத்துக் கல்லூரியை அளக்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கணினி, நிரல், காணொளி ஆகியவற்றை வைத்துப் படைக்கக் கற்றுத்தரும் டிஜிட்டல் மீடியா, புது ஊடகக் கலை பட்டப்படிப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த வழிகாட்டிக் கட்டுரையைப் படித்தேன். பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு துறை இருக்கிறது என்று எடுத்துச் சொன்னதே பெரிய உதவி. ஆனால் எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்லும் இடத்தில், எங்கெங்கே என்னென்ன மென்பொருள் கற்றுத் தருகிறார்கள் என்று ஓர் அட்டவணை போட்டிருந்தீர்கள். அதைப் பார்க்கிறவர்கள், பட்டியல் நீளமாக இருக்கும் கல்லூரிதான் நல்ல கல்லூரி என்று நினைத்துக்கொள்வார்கள். இந்தப் பாடத்தைப் படித்து, பன்னிரண்டு ஆண்டுகளாக அதையே கற்பித்தும் வருகிற எனக்கு அது கவலையாக இருக்கிறது.

2000களின் தொடக்கத்தில் இதே அட்டவணையைப் போட்டிருந்தால் முதல் வரிசையில் ஃப்ளாஷ் என்ற மென்பொருள் இருந்திருக்கும். இணையத்தில் அசையும் படமோ, விளையாட்டோ, தொட்டால் பதில் சொல்லும் கலைப்படைப்போ, பெரும்பாலும் அதில்தான் செய்தார்கள். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அதன் ஆயுள் முடிந்தது. அதில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று மட்டும் கற்றவர்கள் தடுமாறிப் போனதை என் உடன் படித்தவர்களிடமே பார்த்தேன். அதை வைத்து நிரல், அதாவது கணினிக்கான கட்டளைகள், எழுதப் பழகியவர்களுக்கு அவ்வளவு சிரமம் இல்லை. ஃப்ளாஷின் ஆக்‌ஷன்ஸ்கிரிப்டும் இன்றைய ஜாவாஸ்கிரிப்டும் ஒரே வழி வந்த நிரல் மொழிகள். ஓர் அசைவு எங்கே மெதுவாகத் தொடங்க வேண்டும், எங்கே சட்டென்று நிற்க வேண்டும் என்று கண் பழகியிருந்தவர்கள் அந்தப் பழக்கத்தை அடுத்த கருவிக்கும் கொண்டுபோனார்கள்.

வேரா மோல்னார் என்ற கலைஞரைப் பற்றி உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1924இல் ஹங்கேரியில் பிறந்தவர், பிரான்ஸில் வாழ்ந்தவர். கணினியில் வரையத் தொடங்கியது 1968இல். ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, சதுரத்துக்கும் கோட்டுக்கும் விதிகளை வகுத்துக்கொண்டு, ஓர் இயந்திரம் செய்வதுபோல் படிப்படியாகக் கையாலேயே வரைந்துகொண்டிருந்தார். அந்த முறைக்குக் ‘கற்பனை இயந்திரம்’ என்று பெயரும் வைத்திருந்தார். கணினி கைக்கு வந்தபோது அதனிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. 2023 டிசம்பரில், 99 வயதில் மறைந்தார்.

இதை என் முதலாண்டு வகுப்பில் செய்து பார்க்கிறோம். கட்டம் போட்ட தாள், பென்சில், ஒரு தாயக்கட்டை, அவ்வளவுதான். வரிசையாகச் சதுரங்கள் வரைய வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் கட்டையில் விழும் எண்ணுக்கேற்ப ஒவ்வொரு சதுரத்தையும் கொஞ்சம் சாய்க்க வேண்டும். "கணினி ஆய்வகத்துக்கு எப்போது போவோம், மேடம்?" என்று முதல் வாரம் முழுக்கக் கேட்பார்கள். அப்புறம், விதியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் முழுப் படமும் வேறாகிவிடுவதைப் பார்த்ததும் அந்தக் கேள்வி நின்றுவிடும். அதே விதியைப் பின்னால் நிரலாக எழுதும்போது, நிரல் என்றாலே பயந்த பிள்ளைகள்கூட உட்கார்ந்து முடித்துவிடுகிறார்கள். இதற்கு விலை உயர்ந்த மென்பொருளும் வேண்டாம். 2001இல் தொடங்கிய பிராசஸிங் என்ற நிரல் எழுதும் மென்பொருள், 2005இல் வந்த ஆர்டுயினோ என்ற சிறு மின்சுற்றுப் பலகை இரண்டுமே, கலையும் வடிவமைப்பும் படிக்கிறவர்கள் நிரலையும் மின்சுற்றையும் கையாள வேண்டும் என்று கல்விக்கூடங்களில் உருவானவை. மென்பொருளைக் காசில்லாமலே இறக்கிக்கொள்ளலாம்.

அட்டவணையில் இடம் பெறாத இன்னொன்று, மாணவர் செய்த படைப்பை முன்னால் வைத்து விவாதிக்கும் விமர்சன வகுப்பு. என் இறுதியாண்டில் ஓர் இருட்டறை அமைத்தேன். உள்ளே வருகிறவர் சுவரை நெருங்க நெருங்க, பதிவு செய்த குரல்கள் ஒவ்வொன்றாகக் கேட்கும், நின்றால் நின்றுவிடும். ஆள் நெருங்குவதை உணரும் சென்சார், நிரல் எல்லாம் பிசகாமல் வேலை செய்தன. ஆனால் பார்வைக்கு வைத்த அன்று, வந்தவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். உள்ளே நடக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியவில்லை. நானே வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். மறுநாள் விமர்சன வகுப்பில் என் ஆசிரியை கேட்டது ஒரே கேள்வி: "நீ வாசலில் இல்லாத அன்று இது யாரிடம் பேசும்?" அழுகை வந்துவிட்டது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, சுவரின் அடியில் ஒரு சின்ன விளக்கை மட்டும் வைத்தேன். வெளிச்சத்தைப் பார்த்து எல்லோரும் தாமாகவே உள்ளே நடந்தார்கள். நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை. இன்று பாடக் காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன, எந்த மென்பொருளையும் அவற்றைப் பார்த்தே பழகலாம். அந்தக் கேள்வியைக் கேட்க எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

செய்த வேலையைப் பாதுகாப்பதும் பாடத்தில் இருக்க வேண்டும். நாம் ஜுன் பைக் என்ற காணொளிக் கலைஞர் 1988இல் 1,003 தொலைக்காட்சிப் பெட்டிகளை அடுக்கிக் கோபுரமாக்கிய படைப்பு தென் கொரியாவின் தேசிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய படக்குழாய்கள் பழுதாகி, மாற்றுக் குழாய்களும் கிடைக்காமல், 2018இல் அதை அணைக்க வேண்டியதாயிற்று. நீண்ட பழுதுபார்ப்புக்குப் பின், சில பெட்டிகளுக்குள் தட்டைத் திரைகளைப் பொருத்தி, 2022இல் மறுபடி ஒளிர வைத்தார்கள். அவ்வளவு பெரிய கலைஞரின் படைப்புக்கே இந்தக் கதி என்றால், ஒரு மாணவியின் மூன்றாண்டு உழைப்பு ஒரே ஒரு மடிக்கணினியில் இருப்பதை நினைத்துப் பாருங்கள். நிரல், வரைபடம், காணொளிப் பதிவு, குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒப்படைக்கச் சொல்லும் துறைகளும் இருக்கின்றன, மதிப்பெண் போட்டதும் மறந்துவிடும் துறைகளும் இருக்கின்றன.

முதல் வேலைக்குப் போக மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பிள்ளைக்கு வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பது முழுக்க நியாயம். அதனால்தான் எழுதுகிறேன். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் படம் போட்டுத் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளையும் உங்கள் அட்டவணையில் பார்த்தேன். இன்று சேரும் பிள்ளை பட்டம் வாங்கி வெளியே வரும்போது அதே கருவிகள் அதே வடிவில் இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு இந்த வழிகாட்டியை வெளியிடும்போது மென்பொருள் அட்டவணைக்குப் பதிலாக, ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒரு மாணவரின் இறுதியாண்டுப் படைப்பைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். கூடவே, அந்த மாணவரின் முதலாண்டு வேலை ஒன்றையும் பக்கத்திலேயே போடுங்கள். அந்தத் துறை நடுவில் என்ன சொல்லிக் கொடுத்தது என்பதைப் பெற்றோர் தங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
புது ஊடகக் கலை கற்பிக்கும் ஒரு வாசகி